நோகாத பிடி

ஜெகதீஸ்வரிக்கு வயது ஐம்பத்தொன்பது. கோல்ஃப் மைதானத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் இல்-பிசார் தீவுப் பக்கம் பந்தடிக்கிற பாதிப் பேரின் மட்டைகளுக்கு அவள்தான் கைப்பிடி மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

கோட்-டெ-நெய்ஜில் இருக்கும் வீட்டிலிருந்து மெட்ரோ, பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். அந்த இரண்டாவது பஸ் மனம் வைத்தால்தான் வரும். கோல்ஃப் சாமான் கடையின் பின்னறைக்கு வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும்.

முன்பு ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். ஈரத்தில் நின்று நின்று முழங்கால் இரண்டும் போனபிறகு, இந்தக் கடையில் ஓடர் எடுக்கும் மகேந்திரராசாதான் முதலாளியிடம் சொல்லி இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். இருந்துகொண்டே செய்யலாம். இது போனால் திரும்பவும் வாளியும் தடியும்தான், இல்லாவிட்டால் டொரொண்டோவில் மகள் வீட்டுக் கூடத்தில் ஒரு மெத்தை. இரண்டுக்கும் அவளிடம் தெம்பு இல்லை.

பழைய றப்பரைக் கீறி உரிக்க வேண்டும். தண்டில் ஒட்டுநாடாவைச் சுற்றி, மேலே பசையை இளக்கும் திரவத்தை ஊற்றி, அது வழுக்கும்போதே புதுப் பிடியை இழுத்து ஏற்ற வேண்டும். உள்ளே நாடா கூடக் கூடப் பிடி தடிக்கும். தடித்தால் மணிக்கட்டு திரும்பாது, மெலிந்தால் கைக்குள் உருளும். தண்டுக்குத் தண்டு பருமன் வேறு என்பதால் சுற்றுக்களை எண்ணிப் பயனில்லை. வருகிறவர்களும் "கொஞ்சம் தடிப்பாக", "நிறையத் தடிப்பு வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். பந்து குழிக்குள் போகாததற்குப் பிடிதான் காரணம் என்று நம்புகிற சனம், வேறு என்ன சொல்லும்? பிடியை ஏற்றியதும் ஜெகதீஸ்வரி ஒருமுறை பொத்திப் பார்ப்பாள். கைக்கு அளவாகப் பட்டால் சரி. படாவிட்டால், ஈரம் காயுமுன் உருவி நாடாவைக் கூட்டுவாள், குறைப்பாள். கடையே அந்தக் கையை நம்பித்தான் இருந்தது.

இந்த வசந்தத்தில் மட்டைகள் திரும்பி வரத் தொடங்கின. "ட்ரோ க்ரோ!" என்று முன்பக்கத்தில் ஒரு மனிதர் பிரெஞ்சில் கத்தியது பின்னறை வரைக்கும் கேட்டது. பிடி தடித்துவிட்டதாம்.

பின்னேரம் மகேந்திரராசா இரண்டு மட்டைகளோடு உள்ளே வந்தான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. ரெண்டையும் பிடிச்சுப் பாருங்கோ. எது சரி?"

முதலாவது மெலிந்துபோய் விரல் மூட்டுகளில் குத்தியது. இரண்டாவது கையை நிரப்பிச் சுகமாக இருந்தது.

"இது," என்று இரண்டாவதை நீட்டினாள்.

அவன் அதை வாங்கவில்லை. "இதுதானக்கா அந்தாள் திருப்பிக் கொண்டுவந்தது. மற்றது அதே ஆளுக்குப் போன வருசம் நீங்களே செய்தது."

அவளுக்கு மாசியிலிருந்தே காலையில் விரல்கள் மடங்குவதில்லை. வெந்நீரில் வைத்து மடக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறாள். கை நோகாத அளவு வரும்வரைக்கும் நாடாவைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள் என்பது இப்போதுதான் விளங்கியது. ஊரார் மட்டைகளையெல்லாம் தன் வீங்கிய கைக்கு அளவாக்கியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"கையில ஏதும் வருத்தமோ அக்கா?"

"இல்லைத் தம்பி. நித்திரை காணாது. அவ்வளவுதான்."

"இன்னும் ஒண்டு திரும்பி வந்தால் வேற ஆளைப் பாக்கப்போறாராம் முதலாளி."

"வராது."

அவன் போனபிறகு போன வருட மட்டையைத் திரும்பவும் எடுத்துப் பிடித்தாள். பெருவிரல் அடியில் ஒரு குத்து, நடுவிரலில் ஒரு இழுவை. கையை எடுக்காமல், பாடமாக்குகிற பிள்ளை மாதிரி அந்த நோவை வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்ற மட்டையின் றப்பரைக் கீறி எறிந்து, நாடாவைக் குறைத்துச் சுற்றி, புதிதொன்றை ஏற்றிப் பிடித்தாள். அதே இடத்தில் அதே குத்து. மட்டையைக் காய வைத்தாள்.

அதன்பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை. கோடை பிறந்துவிட்டது, கடையில் நிற்க இடமில்லை. "அக்காவின்ர கை பழையபடி வந்திட்டுது," என்று மகேந்திரராசா சந்தோசப்படுகிறான். பின்னறையில் ஜெகதீஸ்வரி ஒவ்வொரு பிடியையும் ஏற்றிப் பொத்திப் பார்க்கிறாள். நோகாவிட்டால், ஈரம் காயுமுன் உருவி ஒரு சுற்றைக் குறைக்கிறாள்.