ஒரு முழம் விட்டுப் பெருக்குகிறவள்

ராஜகிரிக் கோட்டைப் படிகளைப் பெருக்கிக்கொண்டே வரும் தனகோட்டி, யானை படுத்த மாதிரிக் கிடக்கும் அந்தப் பாறைக்கு ஒரு முழம் முன்னால் துடைப்பத்தை நிறுத்திவிடுவாள். பாறையடிச் சருகு அப்படியே கிடக்கும். "அது அவங்க வாசல் சார். நாம கை வைக்கக் கூடாது" என்பாள், அடிக்கடி மலையேற வரும் என்னிடம்.

அவங்க என்றால் பாறைப் பல்லிகள். கல்லின் நிறம், புள்ளி முதுகு. மொத்தம் பதினொன்று, ஒவ்வொன்றையும் வாலைப் பார்த்தே சொல்லுவாள். "நாக்காலயே கண்ணத் தொடைச்சிக்கும் சார். கர்ச்சீப் செலவு மிச்சம்." சென்னையிலிருந்து பல்லி ஆராய வந்த ஜினிஷா, டார்ச்சும் கையுமாக நாலு நாள் அலைந்துவிட்டு இவளிடம்தான் வந்து சேர்ந்தாள். பாலைவனப் பல்லிகளுக்கு இவை தூரத்து உறவு என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தனகோட்டியின் நடையே வேறு. "எங்க ஊட்டுக்காரருக்குத் திண்டிவனம் தாண்டி ஒரு சொந்தம் கெடையாது. இதுங்களுக்கு ராஜஸ்தான்ல இருக்குது."

வீட்டுப் பல்லிகள் மட்டும் அவளுக்கு ஆகாது. "ஜோசியம் சொல்லியே பொழைக்குதுங்க. நம்மளுது வாயத் தொறக்காது, ஒழைச்சி சாப்புடும்." அவள் அரசியல் பேசுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு சுற்றுலாக் குடும்பம் பாறையடியில் பல்லியைப் பார்த்து அலறியது. மறுநாள் நான் டிக்கெட் வாங்க நின்றபோது, சூப்பர்வைசர் விநாயகம் அவளை டிக்கெட் அறைக்குள் கூப்பிட்டுப் பல்லி மருந்து டப்பாவை நீட்டினார். "இன்னிக்கே அடிச்சிடு. முடியாதுன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராத."

"ஏழு வருசமா ஏறி எறங்குறேன் சார். பேரை வெட்டுறதுன்னா வெட்டுங்க. நான் அடிக்க மாட்டேன்."

"சரி, வெட்டிட்டேன். நானே அடிச்சிக்கிறேன்."

சுவரில் ஒரு வீட்டுப் பல்லி சத்தம் போட்டது. விநாயகத்தின் விரல் தானாக மேசையைத் தட்டியது. பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிற மனிதர். குரல் இறங்கிவிட்டது.

"எந்தப் பக்கம்மா கத்துச்சு?"

"தெக்கால சார்," என்றாள் தனகோட்டி, ரொம்ப வருத்தமாக. "எமன் பக்கம்."

கத்தியது கிழக்குச் சுவரில். பாறைப் பல்லியைப் போல நானும் வாயைத் திறக்கவில்லை.

விநாயகம் டப்பாவை மேசைக்கு அடியில் தள்ளினார். "பொண்ணு கல்யாணம் முடியட்டும், பாக்கலாம். நீ போய்ப் பெருக்கு."

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபடி வெளியே நடந்தாள். வாசலில் கால் வைக்கும்போது அந்தச் சுவர்ப் பல்லி மறுபடி சத்தமிட்டது. தனகோட்டி திரும்பிப் பார்க்கவில்லை. விரலை மடக்கி, நிலைக்காலில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.