கசாக் நடிகர் குடித்த காப்பி

அக்கா வீட்டில் ஒரு பித்தளை டம்ளரும் டபராவும் உண்டு. விருந்தாளிகளுக்கென்றே புளி போட்டுத் தேய்த்து வைத்திருப்பாள். காப்பியை விளிம்பு வரை ஊற்றி, நுரை டபராவில் கொஞ்சம் வழிந்தால்தான் அவளுக்குத் திருப்தி. டம்ளர் குறைந்தால் மனசும் குறைந்தது என்று அர்த்தமாம். அதை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கசாக் நடிகரின் ஞாபகம் வருகிறது.

தொண்ணூறுகளின் பின்பாதியில் திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு திரைப்பட விழாவுக்கு அவர் வந்திருந்தார். மாலை வகுப்பில் ருஷ்ய மொழி படித்தவள் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் திரையிட்ட அவருடைய பழைய படத்தில் ஓடும் குதிரைமேல் எழுந்து நின்று கர்ஜித்தார். மறுநாள் தம்பானூர் லாட்ஜ் வாசலில் கட்டம்போட்ட பெரிய பையோடு நின்றவரோ குள்ளமாக, தோள் சரிந்து இருந்தார். பக்கத்தில் போனால்தான் குரல் கேட்கும். இவரா அவர்? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அக்காவின் கணவர், என் அத்திம்பேர், போலீஸ் உளவுப் பிரிவில் இருந்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், சந்தேகத்திலிருந்து இல்லை. பால்காரன் சிரித்தால்கூடப் பாலை முகர்ந்து பார்ப்பார். விழாக் குழுவில் அவருக்கும் ஒரு நாற்காலி இருந்தது. நடிகர் காலையில் சாலைக் கம்போளத்துக் கடைகளில் மிளகும் ஏலக்காயும் விலை கேட்டதை யாரோ வந்து சொன்னதும் அத்திம்பேர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நடிகனுக்கு எதுக்குடி மிளகு? இது வேற ஏதோ ஆளாக்கும். படத்திலே இடது கன்னத்திலே மச்சம் இருந்தது, பாத்தியா? இவனுக்கு இல்லே."

மச்சத்தைப் பற்றி நடிகரிடமே கேட்டேன். அது ஒப்பனைக்காரர் ஒட்டியது என்று சிரித்தார். ஆட்டோவில் போகும்போது தன் கதையையும் சொன்னார். புல்வெளியில் ஆடு மேய்த்த குடும்பம். லாரியில் ஏறி நகரத்துக்கு வந்து நாடகப் பள்ளியில் சேர்ந்திருக்கிறார். முதல் வேடம் ஈட்டி பிடித்து நிற்பது, வசனம் கிடையாது. அப்புறம் அந்தக் குதிரைப் படம், அதன் பிறகு வருஷக்கணக்கில் மேடை. சோவியத் நாடு உடைந்ததும் நாடக அரங்கில் கணப்பு அணைந்தது, ஜனங்கள் கோட்டைக் கழற்றாமலே நாடகம் பார்த்தார்கள். பிறகு சம்பளமும் நின்றது. டில்லிக்கு வந்து தோல் சட்டைகள் வாங்கிப் போய்ச் சந்தையில் நின்று விற்றதாகக் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். ஒருவேளை வியாபாரிதானோ, நடிகரின் பெயரில் வந்துவிட்டாரோ என்று என் புத்தி உடனே அங்கேதான் போனது.

கடைசி நாள் மேடையில் அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். ஆள் அவர்தான் என்று நான் உறுதி சொன்னால்தான் போர்த்துவோம் என்றது குழு. வீட்டுக்குக் கூட்டி வா, ரெண்டு கேள்வியிலே உண்மையைக் கறந்துடறேன் என்றார் அத்திம்பேர்.

கூட்டிப் போனேன். அக்கா அந்த டம்ளரில் தளும்பத் தளும்ப காப்பி கொண்டுவந்து வைத்தாள். நடிகர் டம்ளரையே பார்த்தார். பிறகு எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு எழுந்தார். நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, பிரமாதமான காப்பி என்று சொல்லச் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. கேள்வி எதுவும் ஆரம்பிக்கும் முன்பே படி இறங்கிவிட்டார்.

"பாத்தியா? பயந்துண்டு ஓடறான்," என்றார் அத்திம்பேர்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுநாள் மேடையில் நான் வாய் திறக்க அவசியமே வரவில்லை. அவர் காலை ரயிலிலேயே போய்விட்டிருந்தார். பொன்னாடையை வேறு யாருக்கோ போர்த்தினார்கள்.

சில வருஷங்கள் கழித்து, திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் கணினிப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு கசாக் பெண்ணுக்கு ஏதோ மொழிபெயர்க்கப் போனேன். கிண்ணத்தில் இரண்டு வாய்க்குத்தான் டீ ஊற்றினாள். என்ன கஞ்சத்தனம் என்று நினைத்தேன். குடித்ததும் மறுபடி இரண்டு வாய், அப்புறமும் அதே. அவளிடமே கேட்டேன். கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் ஊற்றுவோம், இருங்கள் என்று அர்த்தமாம். நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தமாம்.

அக்கா தளும்பத் தளும்ப ஊற்றிய டம்ளர் ஞாபகம் வந்தது. நடிகரின் பெயரையும் அடையாளத்தையும் சொன்னேன். அவரைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் உண்டா என்றாள். சந்தையில் சட்டை விற்றதும் அவர்தான், கடைசியில் மேடைக்குத் திரும்பிக் கிழ ராஜாவாக நடித்து அரங்கையே அழவைத்ததும் அவர்தான். போன குளிர்காலத்தில் இறந்துபோனார் என்றாள்.

வீட்டை விட்டுப் போ என்று சொன்னவர்கள் முன்னால் அந்த மனுஷர் முகம் மலர நின்றாரே! ஆள் நடிகர்தானா என்று தெரிந்துகொள்ளத்தான் கூட்டி வந்தோம். கண்ணெதிரே நடித்துக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார், மூன்று பேருக்கும் தெரியவில்லை.

இப்போது அக்கா இல்லை. அத்திம்பேருக்குக் காப்பி போட நான்தான் அவ்வப்போது போகிறேன். போன வாரம் அதே டம்ளரில் பாதிதான் ஊற்றிக் கொடுத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தவர் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏண்டி, பாதி டம்ளர்? என்னைக் கிளம்பச் சொல்றியா?"

"இல்லே அத்திம்பேர், இருங்கோன்னு சொல்றேன்."

அவர் நம்பவில்லை. டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார்.