கண்ணாடி மேல் வைத்த பொட்டு

பக்கத்து பிளாக்கில் எவர் வீட்டு முருங்கை காய்த்தாலும் சிவப்பிரகாசத்துக்குத் தூக்கம் போய்விடும். அப்படிப்பட்ட மனிதர் வேலை பார்க்கும் இடத்தில் அடுத்தவன் மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் சும்மா இருப்பாரா?

நெய்வேலியில் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் அவர் பெர்மனென்ட் ஊழியர். சுரங்கத்திலிருந்து டின்னில் வரும் பழுப்பு நிலக்கரியை ஓவனில் காயவைத்து, எவ்வளவு ஈரம் என்று பார்ப்பார். டின் எதுவானாலும் முதலில் அவர் மேஜைக்குத்தான் வரும். அந்த மரியாதைக்காகவே லீவு போடாத ஆள்.

நிலக்கரியிலிருந்து உரம் எடுக்கும் ஆராய்ச்சிக்காக வெளியூர் கம்பெனி ஒன்று ஆய்வுக்கூடத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஒரே கரியை இங்கும் கம்பெனியிலும் பார்க்க வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் ஒப்பந்தம் நீளும். கரியைச் சூடேற்றி அளக்கும் மெஷின் ஒன்றைக் கம்பெனி அனுப்பியது. அதை ஓட்ட வளர்மதி வந்தாள். காண்ட்ராக்ட் பெண். குவார்ட்டர்ஸ் கிடையாது, பக்கத்து ஊரான வடக்குத்தில் வாடகைக்கு இருந்தாள்.

அன்றிலிருந்து டின்கள் முதலில் அவள் மேஜைக்குப் போயின. எப்போதாவது வந்துகொண்டிருந்த டின் இந்த ஒப்பந்தத்தால் தினமும் வந்தது, மெஷின் பார்த்தது போக இவருக்கும் கை நிறைய வேலை இருந்தது. அதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை. முதல் டின் அவளுக்குப் போகிறது என்பது மட்டும் நெஞ்சை அறுத்தது.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது வருஷா வருஷம் சிவப்பிரகாசத்தின் உரிமை. வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், தானாக உதிர வேண்டும். தன் ஓவனுக்கும் தராசுக்கும் ஓரமாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். அவள் மெஷினுக்கு மட்டும் சந்தனத்தை அள்ளி, சூட்டை அளக்கும் சின்னக் கண்ணாடியின் மேலேயே அப்பினார். இடமா இல்லை? பீரோ அளவு மெஷின்.

மறுவாரமே மெஷின் கணக்கு தப்பியது, கம்பெனிக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. வளர்மதிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அவரிடமே வந்து நின்றாள்.

"நீங்க வச்சதுண்ணே. நீங்களே தொடச்சிடுங்க. நான் கைய வச்சா தப்பாயிடும்."

"சாமிக்கு வச்சது. தானா உதிரும், போம்மா."

கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். பொட்டைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதைத் தொடாமலே, நிலக்கரித் தூசியால் இந்த ஊர் மெஷினுக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஒப்பந்தம் நீளவில்லை. வளர்மதி சிவப்பிரகாசத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சிவப்பிரகாசம் ஜெயித்துவிட்டார். மேஜையைத் துடைத்து உட்கார்ந்தார். டின்தான் வரவில்லை. கம்பெனியோடு தினமும் வந்த கரியும் போய்விட்டது. சும்மா கிடந்த ஓவனைத் திறந்து திறந்து மூடினார்.

மெஷினை லாரியில் ஏற்றிய அன்று வேறு ஊரிலுள்ள அரசு ஆய்வுக்கூடத்துக்கு அது போவதாகத் தெரிந்தது. வளர்மதியும் கூடப் போகிறாள். மனம் கேட்காமல் அவளிடம் போனார்.

"அங்க டின்னெல்லாம் யாரு பாப்பாங்க?"

"உங்களாட்டம் ஒரு சீனியர் இருக்காருண்ணே. ஓவனு சும்மாதான் கெடந்துச்சாம். இனிமே தெனமும் வேலயிருக்கும்னு ரொம்ப சந்தோசமா இருக்காராம்."

மெஷினைத் தூக்கியபோது அது குலுங்கியது. காய்ந்த சந்தனம் பாளமாக உதிர்ந்து சிவப்பிரகாசத்தின் செருப்பின் மேல் விழுந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.