காப்பிரி மதிலடியில் கொட்டு

எழுபதுகளின் கடைசியில், கல்யாணமான புதிதில், கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையலறைக்குத் தனியாகப் பின்சுவர் கிடையாது. தெருவோரம் ஓடிய, போர்த்துகீசியப் பறங்கிகள் கட்டிய பழைய மதில்தான் எங்களுக்குச் சுவர். அதற்குள் காப்பிரி முத்தப்பன் இருப்பதாக ஊரே நம்பியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவன். பறங்கிகள் ஊரைவிட்டு ஓடும்போது புதையலுக்குக் காவலாக அவனை உயிரோடு வைத்துப் பூசிவிட்டார்களாம். தெருப்பக்கம் அவனுக்குச் சுருட்டும் கள்ளும் படைப்பார்கள். என் பக்கம் நான் கரண்டி மாட்டியிருந்தேன்.

அந்த வருடம் ஆப்பிரிக்கக் கப்பல் ஒன்று ஏதோ வழக்கில் மாட்டி மாதக்கணக்கில் துறைமுகத்தில் கிடந்தது. அதன் மாலுமிகள் நாலைந்து பேர் ஞாயிறு சாயங்காலம் உயரமான மரக்கொட்டுகளோடு மதிலடிக்கு வர ஆரம்பித்தார்கள். மிளகு கிட்டங்கியில் மூட்டை சுமப்பவர்கள் தார் பீப்பாயும் தகர டின்னுமாக அவர்களோடு உட்கார்ந்தார்கள். ஒருவர் அடிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு கணக்கில் அடிக்க, எல்லாம் எங்கோ போய் ஒன்றாகச் சேரும். வாரம் முழுக்க எரிந்து விழுந்துகொண்டிருக்கும் நான் அந்த ஒரு மணி நேரம்தான் நல்ல பெண்ணாக இருப்பேன்.

மூன்றாவது வாரம் மதில் உறும ஆரம்பித்தது. கொட்டு நின்ற பிறகும் உள்ளே ஒரு முனகல்.

"சொந்தக்காரன்மார் வந்நல்லோ, முத்தப்பனு சந்தோஷம்!" என்றார் சாயாக்கடைச் சேட்டன். அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பானது.

ஆனால் மதில் ஏன் உறுமுகிறது என்பது எனக்குத் தெரியும். ஞாயிறுதோறும் என் வீட்டுக்காரர் சமையலறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு, வெளியே கொட்டு உச்சத்துக்கு ஏறும்போது உளியால் மதிலைக் குடைந்துகொண்டிருந்தார். ஓர் ஆள் புகுந்து உட்காரும் அளவுக்குக் குடைந்தாயிற்று; அந்தப் பொந்துக்குள் புகுந்த கொட்டுச் சத்தம்தான் அப்படி உறுமியது. மற்ற நாட்களில் அரிசி மூட்டையை நிறுத்தி மறைத்துவைப்போம்.

"புத்தி பெரண்டு போச்சா உங்களுக்கு? மேலே விழுந்தா என்ன செய்வீங்க?"

"இன்னும் ஒரு சாண்தான்டி. கப்பல் போயிட்டா அப்புறம் எந்தச் சத்தத்துல தட்டுறது? நீ மட்டும் வாயைத் தொறக்காதே. முத்தப்பன் சொத்துல கை வெச்சோம்னு தெரிஞ்சா ஊரே வந்து மிதிக்கும்."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வாரம் விடாமல் மழை கொட்டி, ஞாயிறு மத்தியானம் வெறித்தது. சாயங்காலம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். மதிலில் கீழிருந்து மேல்வரை ஒரு விரிசல். ஒவ்வோர் அடிக்கும் அதிலிருந்து மண் உதிர்ந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடிச் சமையலறைக் கதவை இடித்தேன். கொட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. திரும்பத் தெருவுக்கு ஓடினேன்.

"நிறுத்துங்க! கொட்டாதீங்க! நிறுத்துங்க!"

கொண்டை அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு கத்தினேன். சாயாக்கடைச் சேட்டன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"முத்தப்பன் கேறி! நிறுத்தல்லே, கொட்டெடா!"

சாமி வந்தவள் முன்னால் கொட்டு நின்றால் அவள் உயிருக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. என்னைக் காப்பாற்றத்தான் வெறிபிடித்த மாதிரி அடித்தார்கள். மாலுமிகளில் வயதானவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். அவர் தன் பாஷையில் ஏதோ சொன்னதை யார் கேட்டார்கள்? பீப்பாய்கள் இன்னும் வேகமெடுத்தன. மதில் எங்கள் வீட்டுப் பக்கமாகச் சரிந்தது.

கொட்டிய கைகளே கல்லையும் மண்ணையும் வாரின. இடுப்பு நொறுங்கி, உயிரோடு கிடைத்தார். சமையலறையில் ஏதோ வேலையாக இருந்தவர்மேல் மதில் விழுந்துவிட்டது என்றே ஊர் நினைத்தது. முத்தப்பன் முன்கூட்டியே என் வாயால் எச்சரித்தான் என்று என் காலில்கூட விழுந்தார்கள். எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது.

"அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"நிறுத்தச் சொன்னேன்."

"நான் மதிலுக்குள்ளே இருக்கேன்னு?"

அதைச் சொல்லியிருந்தால் அந்த நொடியே எல்லாக் கையும் நின்றிருக்கும். திருடன் பெண்டாட்டி என்று காறித் துப்புவார்களே என்றுதான், அந்த அலறலுக்கு நடுவிலும், தெரிந்தே அதை விழுங்கினேன்.

"சொல்லலை" என்றேன்.

படுக்கையிலேயே இன்னும் எட்டு வருடம் இருந்தார். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், சண்டையும் போட்டேன். ஏன் சொல்லவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.