இடம் மாறி நின்ற பத்துப் பேர்

தேங்காயெண்ணெய் பூசிய தோலுக்கு ஒரு தனி வாசம் உண்டு. புதுக் கையுறையை எண்ணெய் போட்டுப் பழக்காவிட்டால் அது பலகைபோல விறைத்து நிற்கும் என்று யாரோ சொல்ல, அதற்கென்று கடையில் விற்கும் எண்ணெயை அறியாத எங்கள் தாய்மார், தலைக்கு வைப்பதையே எடுத்துத் தேய்த்துவிட்டார்கள். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மோர்னிங்சைட்டில் எங்கள் மாடிக் கட்டிடங்களுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், வெயில் ஏறிய கோடைச் சனிக்கிழமைகளில், பத்துப் பிள்ளைகளின் கைகளிலிருந்தும் அந்த வாசம் எழும்பும். இன்றைக்கும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது எனக்கு பேஸ்போல்தான் நினைவுக்கு வருகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. சமூக நிலையத்தில் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு அணி போட்டிருந்தார்கள், ஆனால் பயிற்றுவிக்க ஒரு பெரியவர் முன்வராவிட்டால் அதைக் கலைத்துவிடுவோம் என்றார்கள். எல்லார் தகப்பன்மாரும் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். என் பெயரைப் பதியப்போன அம்மா, அணி கலைந்தால் நான் அழுவேன் என்று பயந்து, தன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "உது என்ன விளையாட்டு பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

அம்மா அறிந்த ஒரே விளையாட்டு, வலை கட்டி ஆடும் கரப்பந்து. யாழ்ப்பாணத்தில் அவருடைய தமையன்மார் பின்னேரங்களில் ஆடும்போது வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறார். அதில் ஆட்டக்காரர்கள் ஒழுங்காக இடம் மாறி மாறி நிற்பார்கள். இதுவும் அப்படித்தான் என்று அம்மா தானாகவே முடிவுகட்டிவிட்டார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கையைத் தட்டி, "எல்லாரும் ஒரு இடம் அரக்குங்கோ" என்று நகரச் சொல்வார். பந்து எறிந்தவன் பிடிப்பவனாவான், பிடித்தவன் முதலாம் பேஸ் என்ற மூலைத் தட்டுக்குப் போவான், கடைசியில் நிற்பவன் வெளியே வாங்குப் பலகையில் போய் இருக்க, வாங்கில் இருந்தவன் எறிய வருவான். மைதானத்தில் ஒன்பது இடம், நாங்கள் பத்துப் பேர். பிடிப்பவனின் முகமூடியையும் மார்புக் கவசத்தையும் ஒருவனிடமிருந்து கழற்றி மற்றவனுக்குக் கட்ட, நடன நிகழ்ச்சியில் மேடைக்குப் பின்னால் உடுப்பு மாற்றுவதுபோல இரண்டு அன்ரிமார் ஓடிவருவார்கள். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

தொடக்கத்தில் தோல்விக்கு மேல் தோல்வி. எங்களுக்குக் கைவந்தது கார் நிறுத்துமிடத்துக் கிரிக்கெட். பந்தை அடித்ததும் மட்டையை எறிந்துவிட்டு ஓட வேண்டும் என்பது மண்டையில் ஏறவே இல்லை. சுதன் என்று ஒரு பையன், அணியிலேயே மெதுவானவன், ஒருநாள் எப்படியோ அடித்துவிட்டு, மட்டையோடு ஓடிப்போய், கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவதுபோல நுனியால் பேஸைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தான். கால்தான் பட வேண்டும். பந்தோடு வந்தவன் அவனை ஆட்டமிழக்கச் செய்தபோதும் சுதன் சிரித்துக்கொண்டே நின்றான்.

எங்களில் ஒருவனுக்குத்தான் உண்மையான கைத்திறன் இருந்தது. அவன் ரஜீவன். அவன் எறிந்தால் பந்து சத்தம் போடும். இடம் மாறும் விதி இந்த விளையாட்டில் இல்லவே இல்லை என்று அம்மாவுக்குச் சொன்னதும் அவனுடைய தகப்பன்தான்.

"இவனை நடுவிலை எறிய விட்டிட்டு மற்றவையை மாத்துங்கோ, தங்கச்சி. வெல்லலாம்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அண்ணை, உங்கடை பிள்ளையை ஒரே இடத்திலை விட்டிட்டு மற்றப் பிள்ளையளை வாங்கிலை இருத்தினா, நாளைக்குத் தமிழ்க் கடையிலை நான் ஆற்றை முகத்திலை முழிக்கிறது?"

அம்மாவுக்கு ஊர் வாய்க்குப் பயம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். "ஊர் வாயை மூட உலைமூடி இல்லை" என்று அவர் அடிக்கடி சொல்வதும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. ஆகவே தவறுதலாகத் தொடங்கியது, பயத்தினால் தொடர்கிறது என்று வைத்துக்கொண்டோம்.

ஆடி மாத வெயிலில்தான் அந்த அதிசயம் நடக்கத் தொடங்கியது. அதை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் இரண்டாம் பேஸில் நிற்கிறேன், பந்து வேறெங்கோ உருள்கிறது, அதை எடுக்கப்போகும் பிள்ளைக்கு எந்தப் பக்கம் திரும்ப வசதி, எந்த உயரத்தில் எறிவாள் என்று என் காலுக்கு முன்கூட்டியே தெரிகிறது, ஏனென்றால் போன சுற்றில் அந்த இடத்தில் நின்றவள் நான். ஒருத்தி தவறவிட்டால் பின்னால் இன்னொருவன் ஏற்கனவே ஓடிவந்திருப்பான், அவனை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கல்யாணவீடு, கோவில் திருவிழா, சங்கீத வகுப்பு என்று ஒவ்வொரு வாரமும் யாராவது வராமல் போவதும் எங்களைப் பாதிக்கவில்லை. மற்ற அணிகளில் நல்லாக எறிகிறவனுக்குக் காய்ச்சல் வந்தால் அணிக்கே காய்ச்சல். நாங்களோ ஒன்றும் பெரிதாகச் செய்யாமல், தொடர்ந்து வென்றுகொண்டே போனோம். பத்து வயதில் எனக்கு உடம்பு புல்லரித்தது, இதை எழுதும்போதும் புல்லரிக்கிறது.

கடைசிப் போட்டி. எதிரணியில் நெடுத்த பையன் ஒருவன், எறிந்தால் பந்து கண்ணுக்கே தெரியாது. அன்று காலை புல்மேட்டில் எங்கள் பெற்றோர் எல்லோரும் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்த ஒருநாள் மட்டும் ரஜீவன் எறியட்டும் என்றார்கள். சுதனின் தாயே முன்னால் வந்து சொன்னார்:

"எங்கடை சுதனை வெளியிலை இருத்துங்கோ, அக்கா. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

பக்கத்தில் சுதன் குனிந்து காலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அம்மா வழக்கமான வரிசைப்படியே எங்களை நிறுத்த மைதானத்துக்கு இறங்கினார். தோற்றால் பழி முழுக்க அவர் தலையில்தான். எந்த ஊர் வாய்க்குப் பயந்தாரோ அந்த வாய்களே கேட்டபோது ஏன் அசையவில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

நெடுத்தவனின் பந்தை எங்களால் அடிக்க முடியவில்லை. ஆனால் எங்களுக்கு அடிக்காமல் விடத் தெரியும். கார் நிறுத்துமிடத்தில் கண்டபடி அடித்தால் யாருடைய கண்ணாடியாவது உடையும், அதனால் விடப் பழகியவர்கள் நாங்கள். தப்பாக வந்த பந்தையெல்லாம் விட்டோம். சின்னப் பிள்ளைகள் ஒரு ஆட்டத்தில் இத்தனை பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆட்டம் சமநிலையில் கடைசிச் சுற்றுக்கு வந்தபோது நெடுத்தவனின் கணக்கு முடிந்துவிட்டது. அவனுக்குப் பதிலாக, கோடை முழுவதும் தூர மூலையில் நின்ற ஒரு பையனை அனுப்பினார்கள். அவன் முதல் பந்தையே பிடிப்பவனின் தலைக்கு மேலால் எறிந்தான்.

தப்பான பந்து நான்கு வந்தால் அடிப்பவனுக்கு முதலாம் பேஸ் சும்மா கிடைக்கும், அங்கே நின்றவர்கள் ஒவ்வொரு பேஸாகத் தள்ளிப் போவார்கள், மூன்றாவதைத் தாண்டி வந்தால் ஒரு ஓட்டம். அப்படியே மூன்று பேஸிலும் நாங்கள் நிறைந்தோம். மூன்றாவதில் ரஜீவன், இரண்டாவதில் நான். அடிக்க வந்தவன் சுதன்.

அவன் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு பந்து, இரண்டு, மூன்று, எல்லாம் எங்கேயோ போயின. அவனுடைய தாய் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நாலாவது பந்து ஆசைகாட்டிக்கொண்டு வந்தது. சுதன் அசையவில்லை. அதுவும் விலகிப் போனது.

அணியிலேயே வேகமாக ஓடக்கூடிய ரஜீவன் வெற்றி ஓட்டத்தை நடந்து வந்து எடுத்தான். ஆனால் சுதனும் முதலாம் பேஸைத் தொட்டால்தான் வெற்றி. அவன் மட்டையோடு போனான். குனிந்து, நுனியால் தொட்டான். சிரித்தான். மேட்டில் இருந்த அத்தனை தாய்மாரும், ரஜீவனின் தகப்பனும் ஒரே குரலில் கத்தினார்கள்: "காலை வையடா!"

சுதன் காலை வைத்தான்.

எல்லோரும் துள்ளிக்கொண்டிருக்க, அம்மா வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த பற்றிஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டு நின்ற அந்த எதிரணிப் பையனிடம் போனார்.

அந்த அணி மறு வருடம் இல்லை. குடும்பங்கள் ரூஜுக்கும் அஜக்ஸுக்கும் வீடு வாங்கிக்கொண்டு போயின. மைதானம் இருக்கிறது, புல்மேட்டில் சால்வையோடு இருந்த தாய்மார் இல்லை. இன்று பிள்ளைகளைச் சேர்க்கப் போனால், எந்த இடத்தில் ஆடுபவன் என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அதைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இடமில்லை.

போன இலையுதிர்காலத்தில் அஜக்ஸில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் நகரத்து அணியின் ஆட்டம் போய்க்கொண்டிருந்தது. அம்மா தேநீரோடு பார்த்துக்கொண்டிருந்தார். யார் வெல்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. "உந்தப் பிள்ளை தொடங்கினதிலை இருந்து வாங்கிலையே இருக்குது" என்றார்.

இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன். "அண்டைக்குத் தாய்மாரே வந்து சொன்னவையெல்லோ அம்மா. பிறகும் ஏன் நீங்கள் இடம் மாத்திறதை விடேல்லை?"

"சுதன் பக்கத்திலை கேட்டுக்கொண்டு நிண்டவன், பிள்ளை. குனிஞ்சு சப்பாத்துக் கட்டுறமாதிரி நிண்டவன்."

அம்மா தேநீரைக் கீழே வைத்தார்.

"அவன்ரை சப்பாத்திலை கயிறே இல்லை."