கடைசி வரிசையில் ஒரு மஞ்சள்

மஞ்சளைக் கண்டு நடுங்கும் தமிழச்சி இந்த ஜெர்மனியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நம்மூரில் அது மங்கலம். எங்கள் ஆய்வகத்தில் வேறு கதை. எலிசா கிட் என்பது சின்னச் சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. ரத்தத்தின் தெளிநீரைக் குழியில் விட்டு, மருந்துகள் சேர்த்து, இடையிடையே கழுவினால், புற்றுநோயில் கூடும் புரதம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு மஞ்சள் ஏறும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். வேலை செய்பவர்களே கொடுப்பது எங்கள் வழக்கம். போன வாரம் நான் கொடுத்தேன். கடைசி வரிசையில் என் குழி மஞ்சளாகிவிட்டது.

அப்பாவைக் கல்லீரல் புற்றுநோய்க்குத்தான் பறிகொடுத்தோம். எண்ணூரில், காயப்போட்ட துணியில் அனல்மின் நிலையச் சாம்பல் படியும் வீட்டில், கடைசி நாட்களில் அவர் கண்ணிலும் இதே மஞ்சள். நாங்கள் தேடும் புரதமும் கல்லீரல் சம்பந்தப்பட்டதே. உடன் வேலை செய்யும் ஆங்கெவுக்கு அது யார் குழி என்று தெரியாது. எட்டிப் பார்த்து, "ஷோன் கெல்ப்!" என்றாள். அழகான மஞ்சளாம். சோதனை நன்றாக வந்த சந்தோஷம் அவளுக்கு. நானும் சிரித்து வைத்தேன். இந்த கிட் ஆராய்ச்சிக்கு மட்டுமே, நோயைச் சொல்லாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. பயத்துக்குப் படிக்கத் தெரியாதே.

சொல்லிவிடலாம் என்று அம்மாவுக்கு போன் போட்டேன்.

"இன்னாடி, கொரலு ஒரு மாதிரி கீது?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மாத்தான்."

"அப்பொறமா பேசு. தண்ணி லாரி வந்துகினு கீது. வூட்ல ஒரு கொடம் கூட இல்ல."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தட்டைக் கழுவும்போது கழுவுநீர் தீரும் நிலையில் இருந்தது. புதிதாகக் கலக்காமல், லாரித் தண்ணீரைப் பங்கிடுவதுபோல் கடைசி வரிசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தேன். சரியாகக் கழுவாத குழியில் தங்கிய மருந்தே மஞ்சளைக் கொடுத்துவிடும். ஓடிப்போய்த் தட்டைப் பார்த்தேன். ரத்தமே விடாத பக்கத்துக் குழியும் மஞ்சள்! பயத்தில் என் குழியைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் மறுபடி செய்தேன். வழிய வழிய ஊற்றிக் கழுவினேன். ஒவ்வொரு முறையும் அம்மா திட்டுவது காதில் விழுந்தது. நிறம் வரும்வரை தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். நோயாளிகளின் குழிகள் மஞ்சளாயின. என்னுடையது வெளுத்தே கிடந்தது. அழுதுவிட்டேன்.

கை கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் தாராளமாகக் கொட்டியது. வலது கை அதில் நனைந்துகொண்டிருக்க, இடது கை அடியில் வைக்க ஒரு குடத்தைத் தேடியது.