எஸ்தர் அக்கா தொடாத கழுத்து

செய்தி வந்தபோது நான் ஒரு நெசவாளரின் இடுப்பில் முதுகுவலிக்கான இழுவைப் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். "எஸ்தர் அக்கா விடிகாலைல போயிட்டாங்கம்மா. ஹார்ட்டு" என்றார் வாசலில் நின்ற நர்ஸ். சரி என்றேன். பட்டையை இறுக்கி, எடையைத் தொங்கவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

எஸ்தர் அக்கா வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்தவர். முதுகெலும்பின் மூட்டுகளைக் கையாலேயே அசைத்து வலியைக் குறைக்கும் முறை அது. நான் பிசியோதெரபிஸ்டாக இந்த மருத்துவமனையில் சேர்ந்தபோது அவர் பக்கத்து அறையில் இருந்தார். மாடியிலிருந்த எலும்பு மருத்துவர் அவரிடம் ஒருவரையும் அனுப்பியதில்லை. தானாக வந்தவர்களுக்கோ சொடக்குச் சத்தம் கேட்டால்தான் வைத்தியம்.

"சலூன்ல சும்மாவே சொடக்கு எடுக்குறான். நீ என்னாமா தடவிக்கினே கீற?" என்பார்கள்.

"சலூனுக்கே போங்க. தாடிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க, கழுத்த தொட உடாதீங்க" என்பார் அக்கா. சர்க்கரை வியாதி இதில் குணமாகுமா என்று கேட்டால், "ஆகாது. மாத்திரைய உடாதீங்க" என்பார்.

ஒரு பங்குனியில் வரதன் வந்தார். பெருமாள் கோயிலில் வாகனம் தூக்குபவர். கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்றார். அக்கா சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார். கழுத்தின் பக்கம் போகவே இல்லை.

"வைகாசில கருட சேவ வருதும்மா. எங்கப்பா தூக்குன எடம். ஒரே ஒரு சொடக்கு, போதும்."

"அந்த ஒரு சொடக்குல கையும் காலும் சேர்ந்து போயிடும், வரதா. தோள்ல இனிமே பாரமே கூடாது."

"தொடவே பயப்படுற. நீ இன்னாமா டாக்டரு?"

அக்கா அவரை மாடிக்கு அழைத்துப் போய், எலும்பு மருத்துவரின் அறை வாசலில் மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் காத்திருந்தார். ஸ்கேனில் கழுத்துத் தண்டுவடம் நசுங்கியிருந்தது. சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆண்டு கருட சேவையை வரதன் கூட்டத்தில் நின்று பார்த்தார்.

மருத்துவர் ஒருநாள் கீழே இறங்கி வந்தார். "ஏம்மா நீங்க அவரைத் தொடலே?"

"எதைத் தொடக்கூடாதுன்னுதான், டாக்டர், படிக்கும்போது மொதல்ல சொல்லிக் குடுத்தாங்க."

அதன்பின் சனிக்கிழமைகளில் சில நோயாளிகளை நாங்கள் மூவரும் சேர்ந்தே பார்த்தோம். மருந்தா, அறுவையா, அக்காவின் கையா, என் பயிற்சியா என்று நோயாளியின் முன்பே பேசி முடிவு செய்தோம். சில நாள் சண்டையும் வந்தது. அக்கா தோற்றால் டீ வாங்கித் தருவார்.

அடக்கத்தன்று வரதன் வந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். பெட்டியைத் தூக்கும்போது யாரோ, "தூக்கிப் பழக்கப்பட்ட ஆளு, தோள் குடுப்பா" என்றார்கள். அவர் ஓரடி முன்னால் வந்தார். பிறகு நின்றுவிட்டார்.

"அம்மா வேணாம்னு சொல்லிக்கீறாங்க" என்றார்.

கல்லறைவரை பெட்டியின் பக்கவாட்டில், மரத்தின்மேல் உள்ளங்கையை மட்டும் வைத்தபடி நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

போய் வாருங்கள், அக்கா. அவர் தூக்கவில்லை.